‘டேபிள்ல ஆப்ஜெக்ட் இல்லை’: ஆர்எம்ஐ லீஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வாடை அடிக்கும் ஒரு டிசம்பர் காலையில் பாம்பன் கவுண்டரிலிருந்து போன். "தம்பி, பில் போட முடியலை. டேபிள்ல ஆப்ஜெக்ட் இல்லைங்குது. டேபிளை நல்லாப் பார்த்துட்டேன். கால்குலேட்டர், ஸ்டாம்ப் பேடு, பில் புக்கு எல்லாம் இருக்கு. எதைக் காணோம்னு கேக்குது?"

"அண்ணே, அது உங்க டேபிள் இல்ல. இங்க ராமநாதபுரத்துல சர்வருக்குள்ள ஒரு டேபிள் இருக்கு. புரோகிராமை மூடிட்டுத் திரும்பத் தொறங்க" என்றேன். திறந்தார், ஓடியது. பதினோரு மணிக்கு மறுபடி அதே போன்.

நான் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒரு ஐஸ் கம்பெனியுடையது. சர்வர் ராமநாதபுரத்தில். கவுண்டர்கள் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி. எந்த விசைப்படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று பதிவதுதான் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் ஜாவா ஆர்எம்ஐ-யில் எழுதிவிட்டுப் போனார். ஒரு மெஷினில் ஓடும் ஜாவா புரோகிராம் இன்னொரு மெஷினில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கூப்பிட்டு வேலை வாங்கும் முறை அது. ஒவ்வொரு கவுண்டரும் உள்ளே வந்ததும் சர்வரில் அதற்கென ஒரு ரிமோட் ஆப்ஜெக்ட் பிறக்கும். அதன் ஸ்டப், அதாவது அந்த ஆப்ஜெக்டுக்குப் பதிலாள், கவுண்டருக்குப் போகும். இரண்டு வருடத்தில் இதில் வந்த கோளாறுகளில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வந்தவை: தூரத்தில் இருப்பவன் இன்னும் அந்த ஆப்ஜெக்டை வைத்திருக்கிறானா, விட்டுவிட்டானா என்று சர்வர் எப்படித் தெரிந்துகொள்கிறது என்ற இடம். யாருக்கும் வேண்டாத ஆப்ஜெக்டை நினைவகத்திலிருந்து அள்ளுவது குப்பை சேகரிப்பு. அதையே பல மெஷின்களுக்கு இடையே செய்வது, டிஜிசி என்று சுருக்கிச் சொல்லும் பகிர்ந்த குப்பை சேகரிப்பு, அதுதான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் இதன் போக்கு தெரிய வேண்டும். கடலுக்குப் போன படகு வாக்கி டாக்கியில் குரல் கொடுக்கும் வரை கரையில் அதற்கு ஐஸ் எடுத்து வைத்திருப்போம். குரல் நின்று குறிப்பிட்ட நேரம் ஆனால் அடுத்த படகுக்குக் கொடுத்துவிடுவோம். படகு கவிழ்ந்ததா, பேட்டரி தீர்ந்ததா என்று கரையில் இருப்பவனுக்குத் தெரியாது. ஆர்எம்ஐ-யும் அப்படித்தான். ஸ்டப் கையில் கிடைத்ததும் கிளையன்ட்டின் (இங்கே கவுண்டர் மெஷின்) ஜேவிஎம், அதாவது அங்கே ஜாவாவை ஓட்டும் மென்பொருள், சர்வருக்கு ‘டர்ட்டி’ என்ற அழைப்பை அனுப்பும். சர்வர் லீஸ் கொடுக்கும், அதாவது இவ்வளவு நேரம் ஆப்ஜெக்டை வைத்திருப்பேன் என்ற தவணை. லீஸ்வேல்யூ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 600000 மில்லி விநாடி, அதாவது 10 நிமிடம். பாதி நேரம் போனதும் கிளையன்ட் தானாகவே புதுப்பிக்கும். ஸ்டப் அங்கே குப்பையாகி அள்ளப்பட்டால் ‘க்ளீன்’ அழைப்பு வரும். புதுப்பிப்பும் வரவில்லை, க்ளீனும் வரவில்லை என்றால் லீஸ் காலாவதி. 1990களில் டெக் (டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மாடுலா-3 மொழிக்காகச் செய்த நெட்வொர்க் ஆப்ஜெக்ட்ஸ் முறையிலிருந்து ஜாவா எடுத்துக்கொண்டது இது.

இன்னொரு முன்வேலை. தவறு நடந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதி வையுங்கள். கவுண்டர்க்காரர்கள் "காலைலேர்ந்தே" என்பார்கள். அது போதாது. கடைசியாக வேலை செய்த நேரம், முதலில் தவறிய நேரம், நடுவில் நெட் போனதா, கரண்ட் போனதா: இந்த நாலும் கையில் இருந்தால் பாதிக் கோளாறுக்குப் புரோகிராம் கோடைத் திறக்கவே வேண்டாம்.

அறிகுறி 1: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென ‘நோ சச் ஆப்ஜெக்ட் இன் டேபிள்’

இந்த ஒரு பிழைக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் கேள்வி, சர்வர் நடுவில் மறுபடி தொடங்கியதா? ஸ்டப்புக்குள் இருப்பது சர்வர் முகவரி, போர்ட், ஆப்ஜெக்டின் அடையாள எண். சர்வர் புதிதாக எழுந்தால் பழைய எண்ணுக்கு அங்கே ஆள் இல்லை. போர்ட்டை நிலையாக வைத்திருந்தால் இந்தப் பிழை வரும். போர்ட்டைத் தானாக எடுக்க விட்டிருந்தால் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ வரும். இரண்டும் ஒரே நோய்தான். கிளையன்ட் ரெஜிஸ்ட்ரியில் (பெயரைச் சொன்னால் ஸ்டப் தரும் பதிவேடு) மறுபடி லுக்அப் செய்து, அதாவது பெயரைத் தேடி, புது ஸ்டப் வாங்க வேண்டும்.

சர்வர் மறுபடி தொடங்கவில்லை என்றால் இரண்டாவது கேள்வி: அந்த ஆப்ஜெக்டை சர்வருக்குள்ளேயே யாராவது வலுவான ரெஃபரன்ஸாக, குப்பை சேகரிப்பு அள்ளாதபடி, பிடித்திருக்கிறார்களா? பலர் இங்கே வழுக்குகிறார்கள். எக்ஸ்போர்ட் செய்துவிட்டால், அதாவது வெளியிலிருந்து கூப்பிடத் திறந்துவிட்டால், ஆர்எம்ஐ பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பிடிக்கும், ஆனால் தூரத்தில் ஒருவராவது லீஸ் வைத்திருக்கும் வரைதான். ஒருவரும் இல்லையென்றால் ஆர்எம்ஐ-யின் அட்டவணை வைத்திருப்பது பலவீனமான ரெஃபரன்ஸ் மட்டுமே, அது அள்ளுவதைத் தடுக்காது. மெயின் மெத்தடில் லோக்கல் மாறியாக ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, எக்ஸ்போர்ட் செய்து, ரெஜிஸ்ட்ரியில் பெயரோடு பைண்ட் செய்யாமல் (பதியாமல்) விட்டால், மெயின் முடிந்தபின் வரும் அடுத்த குப்பை சேகரிப்பில் அது போய்விடும். டெவலப்பர் மெஷினில் குப்பை சேகரிப்பு நடப்பதற்குள் சோதனையை முடித்திருப்பீர்கள். அதனால் அங்கே வராது. கவுண்டரில்தான் வரும். ஸ்டாட்டிக் மாறியிலோ ஒரு மேப்பிலோ பிடித்து வையுங்கள். ரெஜிஸ்ட்ரியில் பைண்ட் செய்தாலும் தாங்கும், ஏனெனில் ரெஜிஸ்ட்ரியே அதைப் பிடித்துவைக்கிறது.

வலுவாகப் பிடித்திருந்தும் இந்தப் பிழை வந்தால் லீஸை நோண்ட வேண்டாம். யாரோ ‘அன்எக்ஸ்போர்ட்’ கூப்பிட்டிருக்கிறார்கள். கோடில் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் பாம்பன் கதை. சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. கவுண்டருக்கான ஆப்ஜெக்டைப் பிடித்திருந்தது அந்தக் கவுண்டரின் லீஸ் மட்டும். நெட் ஒரு கால் மணி நேரம் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். லீஸ் 10 நிமிடம். காலாவதியானவற்றைத் தேடும் சோதனை லீஸில் பாதிக்கு ஒரு முறை, அதாவது 5 நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. கடைசிப் புதுப்பிப்பிலிருந்து 10 முதல் 15 நிமிடத்துக்குள் சர்வர் அந்தக் கவுண்டரைக் கைகழுவும். கைகழுவியதும் ஆப்ஜெக்ட் செத்துவிடுவதில்லை, அடுத்த குப்பை சேகரிப்பு வரை உயிரோடு கிடக்கும். அதற்குள் நெட் வந்து டர்ட்டி அழைப்பு போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். இருபது நிமிடம் நெட் போன ஒரு நாள் ஒன்றும் ஆகவில்லை, பதினைந்து நிமிடம் போன இன்னொரு நாள் பிழை வந்தது. காரணம் இதுதான். இது தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இதில் இன்னும் மோசம், புதுப்பிப்பு தோற்றதை கிளையன்ட் நிரலுக்கு யாரும் சொல்வதில்லை. டர்ட்டி அழைப்பு பின்னணியில் தோற்றுப்போகும், திரையில் எல்லாம் சாதாரணமாக இருக்கும், பில் பொத்தானை அமுக்கும்போதுதான் வெடிக்கும்.

நெட் ஏன் போனது என்று பார்க்க பாம்பனுக்கே போனேன். கவுண்டர் கடலைப் பார்த்த அறை, ஜன்னல் எந்நேரமும் திறந்திருக்கும். ரூட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுப் பின்னில் மூன்று பச்சைக் களிம்பு பிடித்துப் பாசி மாதிரி இருந்தன. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. லிங்க் விளக்கு விட்டு விட்டு எரிந்ததன் காரணம் கையிலேயே இருந்தது. உப்புக்காற்று ஊரில் கிரிம்ப் செய்த முனை நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். முனையை வெட்டிப் புதிதாக அடித்து, ரூட்டரை உள்சுவருக்கு மாற்றினேன். தொண்ணூறு சதவீதம் அன்றே தீர்ந்தது.

மீதிப் பத்துக்குக் கோடில் கை வைத்தேன். பலரும் முதலில் செய்வது லீஸ்வேல்யூவை ஒரு நாளுக்கு ஏற்றுவது. வேண்டாம். உண்மையிலேயே செத்துப்போன கிளையன்ட்டின் ஆப்ஜெக்டும் ஒரு நாள் சர்வரில் கிடக்கும். 30 நிமிடம் வைத்தேன், எங்கள் கரைக்கு அது போதும். ஒன்று கவனிக்க: லீஸின் நீளத்தை முடிவு செய்வது சர்வர். கிளையன்ட் பக்கம் அந்த அமைப்பை மாற்றிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று உட்காராதீர்கள்.

உண்மையான வைத்தியம் இரண்டு. கிளையன்ட்டில் இந்தப் பிழையைப் பிடித்து, லுக்அப் செய்து, புது ஆப்ஜெக்ட் வாங்கி, அதே வேலையை ஒரு முறை திரும்ப முயல வேண்டும். அதற்கு, பாதி போட்ட பில் ரிமோட் ஆப்ஜெக்டுக்குள் இருக்கக் கூடாது, டேட்டாபேஸில் இருக்க வேண்டும். இரண்டாவது, சர்வரில் ஒரு மேப் வைத்து ஆப்ஜெக்டுகளை நாமே பிடித்துக்கொண்டு, ‘அன்ரெஃபரன்ஸ்டு’ இன்டர்ஃபேஸை அமல்படுத்துவது. கடைசி லீஸும் போனதும் ஆர்எம்ஐ அந்த மெத்தடைக் கூப்பிடும். அதிலேயே ஆப்ஜெக்டை அழித்துவிடாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வரை யாரும் திரும்பவில்லை என்றால் மட்டும் மேப்பிலிருந்து எடுங்கள். ஆள் திரும்பி வந்து மறுபடி போனால் அந்த மெத்தட் மறுபடியும் கூப்பிடப்படும் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

இந்த அறிகுறியைச் சோதிக்க நெட் போகும் வரை காத்திருக்க வேண்டாம். சோதனை சர்வரில் லீஸை 30 விநாடிக்குக் குறைத்து, கேபிளைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து ஜேகான்சோல் என்ற ஜாவா கண்காணிப்புக் கருவியில் குப்பை சேகரிப்புப் பொத்தானை அமுக்கி, கேபிளைச் சொருகி, பில் போடுங்கள். டிஜிசி லாக்லெவல் என்ற அமைப்பை வெர்போஸ் என்று வைத்தால் டர்ட்டி, க்ளீன் அழைப்புகள் போவதும் வருவதும் பதிவில் தெரியும்.

ஒரு குழப்பம் அடிக்கடி கேட்கிறது: "கவுண்டர்க்காரர் டீ குடிக்கப் போனார், அதனால் லீஸ் போய்விட்டதா?" இல்லை. ஆர்எம்ஐ-யில் சும்மா இருந்தால் லீஸ் சாகாது. புரோகிராம் ஓடிக்கொண்டிருந்து நெட் இருந்தால் போதும், ஆள் தூங்கினாலும் புதுப்பிப்பு போகும். லேப்டாப் தூங்கினால்தான் போகாது. மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகும் கவுண்டர் ஒன்று தங்கச்சிமடத்தில் இருந்தது. பவர் அமைப்பில் ஸ்லீப்பை அணைத்ததோடு அது முடிந்தது. டாட்நெட் ரிமோட்டிங் என்ற பழைய முறையில் மட்டும் கதை வேறு. அங்கே தொடக்க லீஸ் 5 நிமிடம், ஒவ்வொரு அழைப்பும் இன்னும் 2 நிமிடமாவது மீதி இருக்கும்படி நீட்டும், சும்மா இருந்தால் போய்விடும். அங்கிருந்து வந்தவர்கள் அந்தப் பயத்தை இங்கேயும் சுமக்கிறார்கள்.

அறிகுறி 2: லுக்அப் இரண்டு மூன்று நிமிடம் தொங்குகிறது, பிறகு வருகிறது, அல்லது ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’, முகவரி 127.0.1.1

ரெஜிஸ்ட்ரி 1099 போர்ட்டில் உடனே பதில் தந்துவிடும். ஆனால் ஸ்டப் வந்து இறங்கியதும் கிளையன்ட் அதில் எழுதியிருக்கும் முகவரிக்கு டர்ட்டி அழைப்பை அனுப்புகிறது. அந்த முகவரி தவறானதாக இருந்து, ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கினால் டைம்அவுட் வரை தொங்கும். டெபியன், உபுண்டுவில் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மெஷின் பெயருக்கு 127.0.1.1 என்று இருக்கும், சர்வர் அதையே ஸ்டப்பில் எழுதிவிடும். சர்வரில் ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேம் அமைப்பில் சரியான முகவரியைக் கொடுங்கள். கேபிளும் டாங்கிளும் சேர்ந்து இரண்டு முகவரி உள்ள சர்வரிலும் இதே வைத்தியம். ஆப்ஜெக்டுக்கு நிலையான போர்ட் கொடுத்து அதை ஃபயர்வாலில் திறங்கள். டிஜிசி அழைப்பும் அதே போர்ட்டில்தான் வரும். 1099-ஐ மட்டும் திறந்துவிட்டு மாலை வரை தேடியவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

அறிகுறி 3: சர்வரின் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது

ஜேமேப் என்ற ஜாவா கருவியில் ஹிஸ்டோகிராம் (வகுப்புவாரி எண்ணிக்கை) எடுத்து, ரிமோட் ஆப்ஜெக்டின் வகுப்பு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுங்கள். கவுண்டர் நாலு, ஆப்ஜெக்ட் நாலாயிரம் என்றால் கீழே படியுங்கள். ஆப்ஜெக்டும் நாலுதான் என்றால் கசிவு வேறு எங்கோ.

நாலாயிரம் ஏன்? க்ளீன் அழைப்பு எப்போது போகும் என்று யோசியுங்கள்: கிளையன்ட்டில் குப்பை சேகரிப்பு நடந்து ஸ்டப் அள்ளப்படும்போது. கவுண்டர் மெஷினுக்குத் தாராளமாக ஹீப் (ஆப்ஜெக்டுகளுக்கான நினைவகம்) கொடுத்து, வேலையும் குறைவாக இருந்தால் அங்கே சேகரிப்பு நடக்கவே நடக்காது. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு புது ரிமோட் ஆப்ஜெக்ட் வாங்கி விட்டெறியும் கோடு அது. விட்டெறிந்த ஸ்டப்புகள் அங்கே கிடக்க, அவற்றுக்கும் லீஸ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும். சர்வர் பார்வையில் எல்லாருக்கும் இன்னும் வேண்டியிருக்கிறது.

இதற்காகத்தான் ஆர்எம்ஐ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே முழுச் சேகரிப்பைக் கேட்கிறது. ஜாவா 6-லிருந்து இயல்பு இடைவெளி 3600000 மில்லி விநாடி. அதற்கு முன் ஒரு நிமிடம். யாராவது வேகத்துக்காக ‘டிசேபிள் எக்ஸ்ப்ளிசிட் ஜிசி’ கொடியைப் போட்டிருந்தால் இந்தக் கேட்பு காற்றில் போகும். கிளையன்ட்டின் தொடக்க ஸ்கிரிப்டில் அந்தக் கொடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து கோடைத் திருத்துங்கள். பில் ஒன்றுக்கு ஒரு ரிமோட் ஆப்ஜெக்ட் தேவையே இல்லை, பில்லைத் தரவாக அனுப்பினால் போதும். தேவை என்றால் ‘மூடு’ என்று ஒரு ரிமோட் மெத்தட் வைத்து, அதில் சர்வர் அன்எக்ஸ்போர்ட் செய்யட்டும்.

கொடியும் இல்லை, கோடும் சுத்தம், ஆனாலும் போகவில்லையா? வட்டம் இருக்கும். ஐஸ் விலை மாறினால் சொல்ல வேண்டும் என்று கவுண்டர் ஒரு லிஸனரை (சேதி சொல்ல சர்வர் கூப்பிடும் ஆப்ஜெக்ட்) எக்ஸ்போர்ட் செய்து சர்வரில் பதிகிறது. அந்த லிஸனர் கவுண்டரின் அமர்வு (உள்ளே வந்ததும் சர்வரில் பிறந்த ஆப்ஜெக்ட்) ஸ்டப்பைப் பிடித்திருக்கிறது, சர்வரில் அமர்வு லிஸனரின் ஸ்டப்பைப் பிடித்திருக்கிறது. இரண்டு ஜேவிஎம்மும் உயிரோடு இருக்கும் வரை இருவரும் ஒருவருக்கொருவர் லீஸ் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். ரெஃபரன்ஸை எண்ணும் முறைக்கு இந்த வட்டம் கண்ணில் படாது. காத்திருந்தால் தீராது, கையால்தான் அறுக்க வேண்டும். வெளியேறும்போது லிஸனரைப் பதிவிலிருந்து நீக்குங்கள். சர்வர் லிஸனரைக் கூப்பிட்டுப் பிழை வந்தால் அங்கேயே பட்டியலிலிருந்து தூக்குங்கள்.

அறிகுறி 4: மணிக்கு ஒரு முறை எல்லாக் கவுண்டரும் சில விநாடி உறைகிறது

ஜிசி பதிவில் ‘சிஸ்டம் ஜிசி’ என்ற காரணத்தோடு முழுச் சேகரிப்பு, சரியாக ஒரு மணி இடைவெளியில் இருந்தால் மேலே சொன்ன அதே கேட்புதான். சர்வர் பக்க இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது ஜி1 என்ற குப்பை சேகரிப்பானில் ‘எக்ஸ்ப்ளிசிட் ஜிசி இன்வோக்ஸ் கன்கரன்ட்’ கொடியைப் போடுங்கள். அடியோடு அணைக்காதீர்கள், அறிகுறி 3-க்குத் திரும்பி வருவீர்கள்.

அறிகுறி 5: விண்டோவை மூடியும் புரோகிராம் சாகவில்லை

எக்ஸ்போர்ட் செய்த ஆப்ஜெக்ட் ஒன்றாவது அட்டவணையில் இருக்கும் வரை ‘ஆர்எம்ஐ ரீப்பர்’ என்ற திரெட் ஜேவிஎம்மை உயிரோடு வைத்திருக்கும். கவுண்டரில் அது அந்த விலை லிஸனர். மூடும்போது கட்டாயக் கொடியோடு அன்எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மெயின் முடிந்து சில நேரத்தில் சர்வர் தானே நின்றுவிடுகிறது என்றால் அதே விஷயம் தலைகீழாக: எல்லா ஆப்ஜெக்டும் அள்ளப்பட்டுவிட்டன. அறிகுறி 1-ன் இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.

அறிகுறி 6: கரண்ட் போய் வந்த காலைகளில் மட்டும், ஏதாவது ஒரு கவுண்டர் மட்டும்

இதைப் பிடிக்கத்தான் அதிக நாள் ஆனது. தொண்டியில் நெட் மிகவும் மோசம் என்பதால் அங்கே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் தனியாக ஒரு சின்ன சர்வர் வைத்து, மூன்று மெஷின்களை அதோடு இணைத்திருந்தோம். கேபிள் புதிது, நெட்வொர்க் ஒரே அறைக்குள். ஆனாலும் சில காலைகளில் ஒரு மெஷினில் மட்டும் ‘நோ சச் ஆப்ஜெக்ட்’. மற்ற இரண்டும் ஓடும். நோட்டைப் புரட்டினால் அந்த நாட்களுக்கெல்லாம் பக்கத்தில் "இரவு கரண்ட் இல்லை" என்று எழுதியிருந்தது.

பை 4-ல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஓடும்போது கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எழும்போது தொடங்கும். நெட் வந்து சரியான நேரம் கிடைத்ததும் ஒரே தாவலில் முன்னால் போகும். ஆர்எம்ஐ லீஸின் காலாவதியை எழுதுவது சுவர்க் கடிகார நேரத்தில். மூன்று மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தில் லீஸ் கொடுத்து, பிறகு கடிகாரம் மூன்று மணி தாவினால் அத்தனை லீஸும் ஒரே நொடியில் பழசு. அடுத்த சோதனை வரும்போது எவருடைய புதுப்பிப்பு இன்னும் வரவில்லையோ அவர் விடுபடுவார். அந்தச் சின்ன இடைவெளியில் குப்பை சேகரிப்பும் நடந்தால் அவர் ஆப்ஜெக்ட் காலி. அதனால்தான் மூன்றில் ஒன்று மட்டும்.

உறுதி செய்ய, சோதனை சர்வரில் கடிகாரத்தைக் கையால் ஒரு மணி முன்னே தள்ளி, ஐந்து நிமிடத்துக்குள் சேகரிப்பைத் தூண்டிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று முயற்சியில் மாட்டும்.

நேரம் ஒத்திசைந்த பிறகே சர்வர் தொடங்கட்டும் என்று சிஸ்டம்டி-யில் (லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் பகுதி) டைம்-சிங்க் இலக்கைச் சேர்ப்பது ஒரு வழி. தொண்டியில் அது உதவவில்லை. நெட் வராத காலையில் சர்வரே எழாது, படகுகள் ஐஸுக்கு வரிசையில் நிற்கும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கிப் பையின் பின்களில் சொருகி, பேட்டரியைப் போட்டேன். பெட்டி மூடியின் உள்பக்கம் பேட்டரி மாற்றிய தேதியை மார்க்கரில் எழுதி, ஜன்னல் பக்கம் இருந்த பெட்டியை அலமாரிக்கு உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.